2018 எக்கோஸ்போர்ட் டீசலை நம்பி வாங்கலாமா?

திசையன்விளையிலிருந்து ஒருவர் கேட்டிருப்பது இது. 2018 பிப்ரவரியில் பதிவான ஃபோர்டு எக்கோஸ்போர்ட் டீசல் ஒன்று, 82,000 கிலோமீட்டர் ஓடியது, இரண்டாவது உரிமையாளர் கையில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் நிற்கிறது. ஐந்தரை லட்சம் கேட்கிறார்கள். அப்பாவுக்கு டயாலிசிஸ், வாரம் இரண்டு முறை இட்டமொழி, மூலைக்கரைப்பட்டி வழியாகப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போக வேண்டும். இணையத்தில் தேடினால் இந்தக் காரைப் பற்றிப் புகாருக்கு மேல் புகாராக வருகிறது, பாதுகாப்புக் குறைபாட்டுக்காகப் பலமுறை ரீகால் செய்திருக்கிறார்கள், நிறுவனமோ இந்தியாவில் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. மைத்துனர் மாருதி பிரெஸ்ஸாதான் நல்லது என்கிறார். வாங்கலாமா, வேண்டாமா?

இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இந்த மாடல் உறுதியானதா, ரீகால் ஆன கார் ஆபத்தானதா, நாளை உதிரிபாகம் கிடைக்காமல் திண்டாடுவோமா என்று மூன்று. நீங்கள் கேட்காத நான்காவது கேள்வி ஒன்றும் இருக்கிறது. என் அனுபவத்தில் அதுதான் மற்ற மூன்றையும்விடப் பெரியது: 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்தக் கார் எங்கே நின்றது? அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவன். ஒரு டீலரின் சர்வீஸ் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது பாளையங்கோட்டையில் சொந்தப் பட்டறை நடத்துகிறேன். பழைய கார் வாங்குபவர்களுக்கு முன்கூட்டிப் பார்த்துச் சொல்லும் வேலை எங்களுக்கு நிறைய வருகிறது. நீங்கள் சொல்லும் காரை நான் பார்க்கவில்லை. ஆகவே அந்தக் கார் நல்லதா கெட்டதா என்று இங்கிருந்தபடி சொல்ல மாட்டேன். எதைப் பார்த்தால் அது தெரியும் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் ரீகால். இந்தச் சொல்லைக் கேட்டதும் மக்கள் பயப்படுகிறார்கள். தயாரிப்பில் ஒரு தொகுதிக் கார்களில் பாதுகாப்புக் குறை இருப்பது தெரிந்து, நிறுவனம் தன் செலவில் அதைச் சரிசெய்து தருவதுதான் ரீகால். 2012-இல் கார் நிறுவனங்களின் சங்கமான சியாம் இதற்காக ஒரு விதிமுறையை வகுத்தது. ஆனால் அது நிறுவனங்கள் தாமாக முன்வந்து செய்வது மட்டுமே. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 110ஏ என்ற பிரிவு வந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் அதற்கான விதிகளும் நடைமுறைக்கு வந்தன. இப்போது போதிய அளவு புகார்கள் சேர்ந்தால் அரசே ரீகாலுக்கு உத்தரவிடலாம், அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம். உரிமையாளர்கள் வாஹன் இணையதளத்தில் நேரடியாகப் புகார் பதியலாம். ஆனால் இந்தக் கட்டாய ரீகால் விதி ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் பொருந்தும். 2018 வண்டி அந்த வயதைத் தாண்டிவிட்டது. இனி அதில் புதிதாக ஒரு தயாரிப்புக் குறை தெரியவந்தால், நிறுவனம் தானாக முன்வந்தால்தான் உண்டு. நம் ஊரில் பழைய கார் வாங்குபவர்களில் பெரும்பாலோருக்கு இது தெரிவதில்லை.

ரீகால் ஆகி, வேலை முடிந்த கார் கெட்ட கார் ஆகிவிடாது. குறை கண்டுபிடிக்கப்பட்டு, புதுப் பாகம் போடப்பட்ட கார் அது. ரீகால் பட்டியலில் இருந்தும் உரிமையாளர் கொண்டுபோய்க் காட்டாமலேயே விட்ட காருக்குத்தான் பயப்பட வேண்டும். கார் கைமாறியிருக்கும், கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கும், தொலைபேசி எண் மாறியிருக்கும். இரண்டாவது உரிமையாளரிடம் இருக்கும் வண்டிகளில் இது சாதாரணமாக நடப்பது.

எக்கோஸ்போர்ட்டைப் பொறுத்தவரை, உங்கள் காருக்கு அருகில் வரும் அறிவிப்புகள் 2018-இல் வந்தவை. அந்த ஆண்டின் நடுவில், 2017-இல் தயாரான சில தொகுதிகளுக்கு இரண்டு குறைகள் அறிவிக்கப்பட்டன: முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் கண்ட்ரோல் ஆர்மின் வெல்டிங், முன் இருக்கைகளின் சாய்வைப் பிடித்து நிறுத்தும் பூட்டு. நவம்பரில் வந்த அறிவிப்பு பெட்ரோல் கார்களின் எஞ்சின் கட்டுப்பாட்டு மென்பொருளுக்கானது; உங்களுடையது டீசல் என்பதால் அதை விட்டுவிடலாம். மற்ற இரண்டையும் விட முடியாது. பிப்ரவரியில் பதிவான கார் அதற்கு முந்தைய ஆண்டிலேயே தயாராகியிருக்க வாய்ப்பு உண்டு. ரீகால் பார்க்கப்படுவது தயாரிப்புத் தேதியை வைத்து. பதிவுத் தேதியை வைத்து அல்ல. ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் தனியாக அச்சாகியிருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

பிறகு சேசிஸ் எண். ஆர்.சி.யில் உள்ள 17 எழுத்தும் காரில் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று நேரில் ஒப்பிட்டுவிட்டு, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் அந்த எண்ணைக் கொடுத்து, நிலுவையில் ரீகால் வேலை ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். அதோடு சர்வீஸ் வரலாற்றையும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். கார் உரிமையாளர் உடன் வந்தால் பெரும்பாலும் தருவார்கள். இருக்கைப் பூட்டை நாமே ஆட்டிப் பார்த்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். முடியாது. சாதாரணமாக உட்கார்ந்து சாயும்போது அது பிடித்துக்கொண்டுதான் இருக்கும். மோதலின் வேகத்தில்தான் விட்டுவிடும். வெல்டிங் குறையும் அப்படித்தான், தூக்கி நிறுத்திப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது. ஆகவே இந்த இரண்டுக்கும் எழுத்தில் உள்ள பதிவுதான் சான்று. "எல்லாம் பார்த்தாச்சு அண்ணாச்சி" என்று புரோக்கர் சொல்வது சான்று ஆகாது.

இனி இணையத்தில் நீங்கள் படித்த புகார்கள். ஒவ்வொன்றிலும் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: எந்த எஞ்சின், எந்த கியர், எந்த ஆண்டு, எந்த நாடு. எக்கோஸ்போர்ட் உலகின் பல நாடுகளில் விற்ற கார் என்பதால் ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு இயந்திரங்களின் கதைகள் கலந்து கிடக்கின்றன. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட ரீகாலை நீங்கள் நிச்சயம் படித்திருப்பீர்கள். ஆயில் பம்பை ஓட்டும் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் கழன்று, ஆயில் அழுத்தம் போய், எஞ்சின் நின்றுவிடும் என்பது குறை. ஃபோகஸ், எக்கோஸ்போர்ட் இரண்டும் சேர்த்து 1,39,730 கார்கள். அங்கே விற்ற எக்கோஸ்போர்ட்டுகள் நம் சென்னைக்குப் பக்கத்து மறைமலைநகரில் செய்து கப்பலில் அனுப்பப்பட்டவை என்பதும் உண்மை. ஆனால் அந்த ரீகால் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் பெட்ரோல் எஞ்சினுக்கு உரியது. அந்த எஞ்சினில் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது, உங்கள் 1.5 லிட்டர் டீசலின் அமைப்பே வேறு. (இங்கும் 1.0 ஈகோபூஸ்ட் விற்றிருக்கிறார்கள். அதை யாராவது உங்களிடம் காட்டினால், சரியான தரத்து ஆயிலை உரிய காலத்தில் மாற்றியதற்கு முழு ரசீதும் இல்லாமல் தொடாதீர்கள்.)

ஆஸ்திரேலியச் செய்தியும் அதே மாதிரிதான். 2018-இல் அங்குள்ள நீதிமன்றம் ஃபோர்டுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஃபியஸ்டா, ஃபோகஸ், எக்கோஸ்போர்ட் கார்களின் பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ் பற்றிப் புகார் சொன்னவர்களை நடத்திய விதத்துக்காக. உலர் கிளட்ச் இரண்டு கொண்ட தானியங்கி கியர்பாக்ஸ் அது. மெதுவாக நகரும்போது நடுங்கும், இழுவை விட்டுவிட்டு வரும். இந்தியாவில் அது 1.5 பெட்ரோல் தானியங்கிக் கார்களில் 2017 வரை வந்தது. அந்த வகைக் காரை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். உங்களுடையது டீசல், கையால் கியர் மாற்றுவது. ஆக நீங்கள் படித்த புகார்களில் மிகக் கடுமையான இரண்டும் இந்தக் காருக்கு வராது.

மிச்சமுள்ள புகார்களில் பெரும்பாலானவை எரிச்சல் ரகம். மேடுபள்ளத்தில் சஸ்பென்ஷன் லொடலொடப்பது, பக்கவாட்டில் திறக்கும் பின்கதவு ஸ்டெப்னியின் பாரத்தைத் தாங்குவதால் நாளடைவில் சத்தம் போடுவது, தொடுதிரை உறைந்து நிற்பது, பின் இருக்கை நெருக்கம். லிங்க் ராடு, புஷ் மாற்றுவது எந்தப் பட்டறையிலும் ஒருநாள் வேலை. பின் இருக்கை மட்டும் உங்கள் விஷயத்தில் சின்னச் செய்தி இல்லை. டயாலிசிஸ் முடித்து வருபவர் சாய்ந்துகொள்ள வேண்டும், கால் நீட்ட வேண்டும். அப்பாவையே கூட்டிப்போய் ஏறி உட்காரச் சொல்லிப் பாருங்கள். இந்தக் காரின் தரை உயரம் அவருக்கு ஏற வசதியா, சிரமமா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

டீசல் எஞ்சினைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது: ஒழுங்காக ஆயில் மாற்றி ஓட்டியவர்களிடம் நல்ல பெயர் எடுத்த எஞ்சின் அது. 2018 வண்டி பி.எஸ்.4 (புகை அளவுக்கான அரசு விதியின் பழைய கட்டம்) என்பதால் பின்னால் வந்த பி.எஸ்.6 டீசல் கார்களில் இருக்கும் புகைக்கரி வடிகட்டி இதில் இல்லை. அந்த வடிகட்டி அடைத்துக்கொண்டு, எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர்கள் படும் பாடு உங்களுக்கு இல்லை. கவனிக்க வேண்டியது டைமிங் பெல்ட், அதாவது பிஸ்டன் ஓட்டத்தோடு வால்வுகளை இசைய வைக்கும் பெல்ட். இந்த எஞ்சினில் செயின் கிடையாது, ரப்பர் பெல்ட்தான். ஓட்டத்தில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். எஞ்சினைத் திறந்து சரிசெய்யும் செலவு காரின் விலையில் பெரிய பங்கைத் தின்றுவிடும். "இன்னும் லட்சம் கிலோமீட்டர்கூட ஆகவில்லையே" என்று விற்பவர் சொல்வார். பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் மட்டுமல்ல, வயதும் கணக்கு. நம் வெயிலில் எஞ்சின் அறைக்குள் இத்தனை வருடம் இருந்த ரப்பர் அது. மாற்றியதற்கு ரசீது இருந்தால் நல்லது. இல்லையென்றால் வாங்கிய வாரமே பெல்ட், டென்ஷனர், அதே பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். அந்தத் தொகையைப் பேரத்தில் கழித்துவிடுங்கள். அப்பாவை வைத்துக்கொண்டு மூலைக்கரைப்பட்டிச் சாலையில் நிற்கும்படி ஆகக் கூடாது என்றால், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

டர்போவும் கிளட்ச்சும் இன்னும் எவ்வளவு நாள் வரும் என்பதை ஓட்டிப் பார்த்தும் துல்லியமாகச் சொல்ல முடியாது. எங்கள் பட்டறையில் பார்த்துச் சொல்வதும் அனுமானம்தான். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய் நீங்களே சாவியைத் திருப்புங்கள்; போவதற்கு முன்பே ஓடவைத்துச் சூடாக்கி நிறுத்தியிருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். முதல் கிளப்பலில் வரும் புகை, சத்தம், நடுக்கம் மூன்றும் சொல்வதைச் சூடான எஞ்சின் சொல்லாது. பிறகு நான்குவழிச் சாலையில் நாங்குநேரி வரை ஒரு ஓட்டு ஓட்டுங்கள். நான்காவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் எஞ்சின் சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் முடிந்துவிட்டது.

நிறுவனம் போய்விட்டதே என்ற பயம் நியாயமானது. 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது; சென்னை ஆலையில் 2022-இல் வேலை முடிந்தது. 2025 அக்டோபரில், அதே ஆலையில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் எஞ்சின் தயாரிக்கப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். 2029-இல் தொடங்குவதாகத் திட்டம். அவை ஏற்றுமதிக்கான புது எஞ்சின்கள். "ஃபோர்டு திரும்பி வருகிறது, விலை ஏறப்போகிறது" என்று புரோக்கர் இதை வைத்துப் பேசுவார். உங்கள் காரின் உதிரிபாகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நடைமுறையில் ஃபில்டர், பிரேக், கிளட்ச், சஸ்பென்ஷன், பெல்ட் போன்ற தேய்மானப் பாகங்கள் வெளிச்சந்தையிலும் கிடைக்கின்றன. காத்திருக்க வைப்பவை வேறு: பம்பர், விளக்கு, கண்ணாடி, கதவு, மின்னணு மாட்யூல்கள். சின்ன விபத்தில் பின்விளக்கு உடைந்தால்கூட வண்டி நாள்கணக்கில் நிற்கலாம். வாரம் இரண்டு நாள் தவறாமல் கார் தேவைப்படும் வீட்டுக்கு இது உண்மையான குறை. அப்படி நின்றால் மாற்று ஏற்பாடு என்ன என்பதை இப்போதே யோசித்து வையுங்கள்.

மைத்துனர் சொல்லும் பிரெஸ்ஸாவின் பலம் இந்த இடத்தில்தான். 2016-இல் வந்த விட்டாரா பிரெஸ்ஸா டீசலில் இருப்பது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் எஞ்சின். 2020 ஏப்ரலோடு மாருதியும் டீசலை விட்டுவிட்டது, ஆகவே அந்த எஞ்சினும் இன்று தயாரிப்பில் இல்லை. ஆனால் ஸ்விஃப்ட், டிசையர் என்று எத்தனையோ கார்களில் ஓடிய எஞ்சின் அது. வள்ளியூரிலோ திசையன்விளையிலோ அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் கிடைப்பார். பாகமும் அன்றே வரும். டைமிங் செயின் என்பதால் பெல்ட் செலவும் இல்லை, ஆனாலும் ஆயில் மாற்றாமல் ஓட்டினால் செயினும் தளரும். 2018-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பிரெஸ்ஸா நான்கு நட்சத்திரம் வாங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து வாங்கியது. எக்கோஸ்போர்ட்டுக்கு 2013-இல் யூரோ என்கேப் தந்த நான்கு நட்சத்திரத்தை விற்பவர் காட்டினால், அது ஐரோப்பாவில் விற்ற, கூடுதல் ஏர்பேக் உள்ள காருக்கானது என்பதை நினைவில் வையுங்கள். 2017 இறுதியில் வந்த புதுப்பிப்பில் எல்லா வகையிலும் இரண்டு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்ஸும் உண்டு, ஆறு ஏர்பேக் உயர்ந்த வகையில் மட்டும். பிரெஸ்ஸாவுக்கும் ரீகால் உண்டு என்பதை மைத்துனரிடம் சொல்லுங்கள்: 2021 செப்டம்பரில், மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டைச் சோதிக்க மாருதி 1,81,754 பெட்ரோல் கார்களைத் திரும்ப அழைத்தபோது அதில் பிரெஸ்ஸாவும் இருந்தது. டீசலுக்கு அது பொருந்தாது.

இப்போது வெள்ளம். 2023 டிசம்பர் 17-இல் தொடங்கிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை உடைத்து ஜங்ஷன், மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை, வண்ணாரப்பேட்டை, கொக்கிரகுளம் என்று ஆற்றை ஒட்டிய பகுதிகள் முழுக்க வெள்ளம் நின்றது. கீழே ஸ்ரீவைகுண்டம், ஏரல் இன்னும் மோசம். ஜங்ஷன் பக்கம் நிற்கும் கார் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். அன்றைக்கு இந்தக் கார் அங்கேதான் நின்றதா என்பது தெரியாது. தெரிந்துகொள்ளாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வெள்ளத்தில் நின்ற கார் ஒரு மாதத்தில் கெட்டுப்போகாது, அதுதான் அதன் ஆபத்து. ஆற்று நீரில் வண்டல் கலந்திருக்கும். அது ஒயர் இணைப்புகளுக்குள் புகுந்து, காய்ந்து, செம்பைப் பச்சையாக அரிக்க வருடங்கள் ஆகும். ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி பல கார்களில் முன் இருக்கைகளுக்கு நடுவே, தரையோடு ஒட்டித்தான் இருக்கிறது. கணுக்கால் அளவு தண்ணீர் உள்ளே வந்தாலே அதற்கு எட்டிவிடும். கார் ஓடும், ஏ.சி. வரும், பாட்டுப் பாடும். மோதும்போது ஏர்பேக் விரியுமா என்பதுதான் சந்தேகம்.

சென்ற ஆண்டு எங்கள் பட்டறைக்கு ஒரு கார் பார்க்க வந்தது, மாடல் பெயர் வேண்டாம். உள்ளே ஷாம்பு போட்டு, புதிய சீட் கவர், மணக்க மணக்க வாசனைத் திரவியம். மிதியடிக்குக் கீழே கம்பளமும் சுத்தம். ஓட்டுநர் சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரை இழுத்தோம். வழக்கமாக வெளியே வராத கடைசிச் சாண் நாடா வெளிவந்தபோது, குறுக்கே ஒரு காவி நிறக் கோடு. அதற்குக் கீழே நாடா விறைத்து, விரலால் தேய்த்தால் மாவு போல வண்டல் உதிர்ந்தது. இருக்கையின் தண்டவாளத்தைத் தரையோடு பிடிக்கும் போல்ட்டுகளைப் பார்த்தால், நான்கில் மூன்றில் துரு. நான்காவது புதுசு, யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். வாங்க வந்தவர் அதற்குமேல் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சீட் கவர் மாற்றுபவர்கள் பெல்ட்டின் அடிப்பகுதியைக் கழுவ மறந்துவிடுகிறார்கள். நீங்களும் நான்கு பெல்ட்டுகளையும் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். இருக்கைக்கு அடியில் மஞ்சள் உறை போட்ட இணைப்பு இருக்கும், ஏர்பேக் சார்ந்த ஒயர் அது. கையால் பிடுங்காமல், டார்ச் அடித்துப் பச்சை பூத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எக்கோஸ்போர்ட்டில் ஸ்டெப்னி பின்கதவில் தொங்குவதால், மற்ற கார்களில் டிக்கியின் ஸ்டெப்னிக் குழியில் கிடைக்கும் வண்டல் தடயம் இதில் கிடைக்காது.

சாவியைத் திருப்பும்போது ஏர்பேக் விளக்கைக் கவனியுங்கள். சில விநாடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் இருந்தால் கோளாறு. எரியவே இல்லையென்றால் அது இன்னும் மோசம். விளக்கை யாரோ வேலை செய்யாதபடி ஆக்கியிருக்கலாம். பட்டறையில் ஸ்கேனர் போட்டுப் பார்க்கும்போது கோளாறுக் குறியீடு எதுவும் இல்லை என்பதோடு நிறுத்தாதீர்கள். குறியீடுகளைக் கடைசியாக அழித்த பிறகு கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் ஸ்கேனர் காட்டும். அதைக் கேளுங்கள். அது வெறும் 10, 20 கிலோமீட்டர் என்று வந்தால், உங்களுக்குக் காட்டுவதற்காக நேற்று அழித்திருக்கிறார்கள் என்று பொருள். அழித்த குறியீடு என்ன என்று விற்பவர்தான் விளக்க வேண்டும்.

காகிதத்திலும் ஒரு வழி இருக்கிறது. 2023 டிசம்பரில் நடப்பில் இருந்த இன்ஷூரன்ஸ் பாலிசியையும், அதற்கு அடுத்து 2024-இல் புதுப்பித்ததையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குத் தரும் சலுகை, அதாவது நோ கிளெய்ம் போனஸ், 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். முதல் பாலிசியில் 45 இருந்து அடுத்ததில் பூஜ்யம் ஆகியிருந்தால், அந்த ஆண்டில் இழப்பீடு வாங்கியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். எதற்கு வாங்கினார்கள் என்று அந்த நிறுவனத்தில் கேட்கச் சொல்லுங்கள். இதை முழுச் சான்றாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. அந்தச் சலுகை உரிமையாளருக்கு உரியது, காருக்கு அல்ல. இடையில் கார் கைமாறியிருந்தாலும் பூஜ்யம் ஆகும். சலுகையைக் காக்கத் தனிக் கட்டணம் கட்டியவர்களுக்கு இழப்பீடு வாங்கினாலும் குறையாது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தவர் இழப்பீடே கேட்டிருக்க முடியாது. ஆகவே பாலிசி சுத்தமாக இருந்தாலும் சீட் பெல்ட்டை இழுத்துப் பார்ப்பதை விடக் கூடாது.

உங்கள் ஊர் பற்றி இரண்டு வார்த்தை. உவரி, குட்டம் பக்கத்துக் கடல் காற்றும் தேரி மணலும் காருக்கு ஒத்துக்கொள்ளாதவை. வாங்குவதற்கு முன் லிஃப்ட்டில் ஏற்றி அடியில் பாருங்கள்: பின் ஆக்ஸில், சைலன்சர் தாங்கிகள், பிரேக் குழாய்கள். மேலோட்டமான துரு பரவாயில்லை. ஸ்க்ரூ டிரைவரால் தட்டினால் செதிலாகப் பெயர்ந்து விழும் துரு, அதுவும் பிரேக் குழாயில் இருந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால், எதற்கு இப்போது அடித்தார்கள் என்று கேளுங்கள். வாங்கிய பிறகு ஏர் ஃபில்டரைப் புத்தகத்தில் சொன்னதைவிடச் சீக்கிரமே மாற்றுங்கள். தேரி மண் டர்போவுக்குள் போக விடக் கூடாது.

என் முடிவைக் கேட்டால்: ரீகால் நிலுவை இல்லை என்று சர்வீஸ் மையம் சொல்லி, சர்வீஸ் வரலாறு 82,000 கிலோமீட்டரோடு ஒத்துப்போய், வெள்ளத் தடயம் எதுவும் இல்லாமல் இருந்தால், இந்தக் காரைப் பெல்ட் செலவைக் கழித்துக்கொண்டு வாங்கலாம். ஓட்டத்தில் உறுதியான கார். இந்த மூன்றில் ஏதாவது ஒன்றுக்கு விற்பவர் மழுப்பினாலும் விட்டுவிடுங்கள். அதே விலைக்கு வரலாறு சுத்தமான பிரெஸ்ஸா டீசல் ஒன்று கிடைத்தால், உங்கள் வீட்டுத் தேவைக்கு நான் அதைத்தான் எடுப்பேன். காரணம் எஞ்சின் அல்ல, உதிரிபாகம் வரும் வேகம். ஆனால் வரலாறு தெரியாத பிரெஸ்ஸாவைவிட வரலாறு தெரிந்த எக்கோஸ்போர்ட் மேல்.

வாங்குவதாக முடிவானால், 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கியதோடு நிறுத்திவிடாமல் பெயர் மாற்றத்தை உடனே முடியுங்கள். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். தவறினால் உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு கிடைப்பது கஷ்டம். கடனில் வாங்கிய காராக இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் வேண்டும். பிறகு சர்வீஸ் மையத்துக்குப் போய், அந்தச் சேசிஸ் எண்ணுக்கு எதிரே பழைய உரிமையாளரின் தொலைபேசி எண்ணை எடுத்துவிட்டு உங்கள் எண்ணையும் முகவரியையும் பதியச் சொல்லுங்கள். அடுத்து ஒரு ரீகால் அறிவிப்பு வந்தால் அது உங்களுக்குத்தான் வர வேண்டும்.